நல்ல ஆங்கிலத்தில் வந்த வில்லங்கம்

உடுவிலில் தையல்காரி உதயகலாவை நேரில் பார்த்தவர்கள் அவளை வாய் திறக்காத மனுசி என்பார்கள். கைபேசியில் எழுதிப் பழகியவர்கள் சரியான வாயாடி என்பார்கள். இரண்டுமே பொய்யில்லை.

அளவெடுக்க வருகிற பெண்களோடு அவள் பேசுவது "திரும்புங்கோ", "கையைத் தூக்குங்கோ", "ஓம்" என்பதோடு சரி. வாயில் குண்டூசி வைத்திருந்து வந்த பழக்கம் என்று சிலர் சொன்னார்கள். குண்டூசி இல்லாத நேரத்திலும் அவள் அப்படித்தான். ஆனால் கைபேசி கைக்கு வந்தால் ஆள் வேறு. "slv tite? lol. nxt tym les kothu" என்று எழுதி ரொறொன்ரோவிலுள்ள ஒருத்தியைக் காலங்காத்தாலே சிரிக்க வைப்பாள். சட்டைக்கை இறுக்கமோ, அடுத்த முறைக்குக் கொத்துரொட்டியைக் குறையுங்கோ என்று பொருள். அதையே நேரில் சொல்லச் சொன்னால் உயிர் போனாலும் சொல்லமாட்டாள்.

ஆங்கிலத்தை அவள் இப்படிக் கத்தரித்து எழுதுவதற்கு நியாயம் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ‘measurement’ என்று முழுதாக எழுதப் போனால் எங்கேயோ ஓரிடத்தில் எழுத்துப் பிசகும். ‘msmt’ என்று எழுதினால் பிழை பிடிக்க எவராலும் முடியாது. உயிரெழுத்துகளைக் கழற்றி வைத்துவிட்டால் ஆங்கிலம் ஒன்றும் செய்யாது என்பதை எவரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே கண்டுபிடித்தாள். அந்தத் துணிச்சலில்தான் ‘கலா தையல்’ என்று முகநூலில் ஒரு பக்கமும் திறந்தாள். இலண்டன், பாரிஸ், ரொறொன்ரோ என்று எல்லா இடத்திலிருந்தும் சீலைச் சட்டை தைத்துத் தரச்சொல்லி ஆட்கள் கேட்டார்கள். தைத்து முடிந்தால் தபாலில் அனுப்புகிற வேலை இல்லை. ஊரிலிருந்து ஆரேனும் அந்தப் பக்கம் போனால் அவரிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். போகிறவரும் மறுக்கமாட்டார். மறுத்தால் போன இடத்தில் கதை வரும்.

குணலட்சுமி அவளுடைய பழைய வாடிக்கைக்காரி. ரொறொன்ரோவில் இருப்பவர். இருவரும் நெடுங்காலமாக எழுதிக்கொண்டார்களே தவிர, ஒருவர் குரலை மற்றவர் கேட்டதில்லை. குணலட்சுமியின் மகள் மதுராவுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும் கூறைச் சீலையை யாழ்ப்பாணத்திலேயே எடுத்தார்கள். சீலை தெல்லிப்பழையில் சோமசேகரம் மாஸ்ரர் வீட்டில் இருந்தது. மாஸ்ரர் தன் மகளைப் பார்க்கக் கனடாவுக்குப் புறப்பட இருந்தவர். சீலையிலிருந்து வெட்டியெடுத்த சட்டைத் துண்டு உதயகலாவிடம் இருந்தது. உடம்புப் பகுதியைத் தைத்து முடித்துவிட்டாள். கை எவ்வளவு நீளம் என்று மதுரா சொன்னால் மீதித் துணியை வெட்டலாம். பிழையாக வெட்டிவிட்டால் அதே துணிக்கு வேறு எங்கும் போக முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் எவளோ ஒருத்தி ‘கலா தையல்’ பக்கத்தில் எழுதினாள்: "உது தையல் கடையோ, ரியூசனுக்குப் போற பெட்டையின்ரை போனோ? ஒரு சொல்லாவது முழுசா எழுதத் தெரியாதோ?" அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாகக் குந்தியிருந்தன.

உதயகலா அன்று மதியம் சாப்பிடவில்லை. கல்யாணச் சட்டை தைக்கிற கடை, கல்யாணக்காரருக்கு இப்படியா எழுதுவது என்று அவளுக்கே வெட்கம் வந்தது. கேட்டதை நல்ல ஆங்கிலமாக்கித் தருகிற செயலி ஒன்று கைபேசியில் இருந்தது. கைநீளம் கேட்டு மரியாதையாக ஒன்று எழுதித் தா என்றாள். அது ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு’ என்று தொடங்கி, நலம் விசாரித்து, தங்கள் சேவையில் பெருமை கொள்கிறோம் என்று சொல்லி, தேவையான விபரங்களைத் தாமதமின்றி உறுதிப்படுத்துமாறு பணிவுடன் வேண்டி முடிந்தது. ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. உதயகலாவுக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்காததே நல்ல ஆங்கிலம் என்று நம்பி அப்படியே குணலட்சுமிக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. அடுத்த நாள் குணலட்சுமியின் படம் மறைந்துபோனது. அனுப்பியவை ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றன. தன்னைத் தடுத்துவிட்டார்கள் என்று உதயகலாவுக்கு விளங்கியது. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

மாஸ்ரருக்குப் பிளேன் நாளைக்கு. கைத்துணியையும் சட்டையையும் பையில் வைத்துக்கொண்டு பின்னேரம் ஸ்கூட்டியில் தெல்லிப்பழைக்குப் போனாள். மாஸ்ரரின் மனைவி நாகேஸ்வரி படலையைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பிள்ளை, குறை நினைக்காதை. உன்னட்டை ஒண்டும் வாங்கவேண்டாமெண்டு கனடாவிலையிருந்து சொல்லிப்போட்டினம்."

"ஏன்?"

"உன்ரை போனிலை வேறை ஆரோ இருக்கினமாம்."

உதயகலா கையிலிருந்த போனைப் பார்த்தாள். தன்னைத் தவிர அதில் ஒருவரும் இருக்கவில்லை.

சோமசேகரம் மாஸ்ரர் கணக்குப் படிப்பித்தவர். சந்தேகம் என்றால் விடை கண்டுவிட்டுத்தான் மற்ற வேலை. "நிண்டு கதைச்சு என்ன செய்யிறது, கேட்டுப்பாப்பம்" என்று தன் போனில் குணலட்சுமியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"நீங்கள் உதயகலாவோ?" என்றது ரொறொன்ரோக் குரல்.

"ஓம்."

"அப்ப ஏன் அப்பிடியொரு இங்கிலீசிலை எழுதினனீங்கள்?"

உதயகலா போனுக்குக் கிட்ட வந்தாள். "அக்கா..." என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"மாஸ்ரர், உது எங்கடை ஆள் இல்லை" என்றார் குணலட்சுமி. "எங்கடை ஆள் நல்லாக் கதைக்கும். பகிடி விட்டுக்கொண்டிருக்கும். உது ஆரோ. சட்டை போனாலும் பரவாயில்லை, இஞ்சையே வேறை ஏதும் தைப்பம். நீங்கள் அறியாத ஆற்றையும் பாசலைக் கொண்டுவந்து எயாப்போட்டிலை மாட்டுப்படாதேங்கோ."

மாஸ்ரர் உதயகலாவைப் பார்த்தார். நாகேஸ்வரி படலைப் பக்கம் பார்த்தார். கூறைக்குச் சோடியில்லாத ஒரு சட்டையோடு மதுரா மணவறையில் இருக்கப் போகிறாள். ‘கலா தையல்’ என்ற பெயர் அந்தக் குடும்பத்துக் குழுக்களிலெல்லாம் களவென்று ஓடப் போகிறது. உதயகலாவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஐயா, போனை ஒருக்காத் தாங்கோ" என்றாள்.

அவளுடைய போனிலிருந்து எழுதினால்தான் போய்ச் சேராதே. வாங்கினாள். பெருவிரல்கள் இரண்டும் தையல் மெசின் ஊசிபோல ஓடின. மாஸ்ரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "உது என்ன பாசை?" என்றார். அவள் தட்டி முடித்து அனுப்பினாள்.

"ak itz me. y blk? pg la 1 prsn nakkal, so app ta kuduthu eluthinan. slv elbw or shrt? flite 2mro. pls. ths tym no lol."

அக்கா, நான்தான், ஏன் தடுத்தீர்கள், என் முகநூல் பக்கத்தில் ஒருத்தி நக்கலடித்ததால் செயலியிடம் கொடுத்து எழுதினேன், கை முழங்கை வரையோ கட்டையோ, நாளைக்குப் பிளேன், இந்த முறை பகிடி இல்லை. இதுதான் சங்கதி.

செய்தி ரொறொன்ரோவில் போய் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு குணலட்சுமி சிரித்த சிரிப்பில் தெல்லிப்பழையில் போன் அதிர்ந்தது.

"அட கோதாரி, இது அவள்தான். மதுரா, ஓடிவா. தங்கச்சி, கோவியாதை. என்ரை மச்சாளை முகநூலிலை சீலை விக்கிற ஒருத்தன் ஏமாத்தினவன். அவனும் ‘மதிப்புக்குரிய’ எண்டுதான் தொடங்கினவன், உதேமாதிரி அச்சடிச்ச இங்கிலீசு. உன்ரையைப் பாத்தவுடனை அவன்தான் எண்டு நினைச்சுத் தடுத்துப்போட்டன்."

மதுரா தாயிடமிருந்து போனைப் பறித்தாள். "அன்ரி, பக்கத்திலை போடுறதை வடிவா முழுசாப் போடுங்கோ, புது ஆக்கள் பாப்பினம். எங்களுக்கு எழுதேக்கை வழமைபோலை எழுதுங்கோ. கை முழங்கை வரைக்கும்."

"கட்டைக் கைதான் வடிவு" என்றார் பின்னாலிருந்து தாய்.

"அம்மா, போடப்போறது நான்."

உதயகலா இதற்கும் மாஸ்ரரின் போனையே நம்பினாள். "elbw. brd is boss" என்று தட்டினாள். மணமகள் சொன்னதுதான் சட்டம் என்று. இரண்டு பக்கமும் சிரித்தது. நாகேஸ்வரி, "உள்ளுக்கை வா பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

மறுநாள் மத்தியானம் உதயகலா சட்டையோடு வந்து சேர்ந்தபோது மாஸ்ரரின் பெட்டி பூட்டித் தராசில் ஏற்றியாகிவிட்டது. அனுமதித்த நிறைக்கு மட்டுமட்டாக இருந்தது. கூழுக்கென்று கட்டிய ஒடியல்மாவை எடுக்க நாகேஸ்வரி விடவில்லை. மிளகாய்த்தூளை எடுக்கவும் விடவில்லை. மாஸ்ரர் பெட்டியைத் திறந்து, தான் குளிருக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தை வெளியே தூக்கி வைத்தார்.

"அங்கை காலுக்குக் குளிருமெல்லே" என்றார் மனைவி.

"மகள் வாங்கித் தருவாள். கல்யாணத்துக்கு என்ரை காலை ஆர் பாக்கப்போறான்?"

சப்பாத்து இருந்த குழியில், கூறைச் சீலைக்கு மேலே, சட்டையை மடிப்புக் கலையாமல் உதயகலாவே வைத்தாள். நாகேஸ்வரி பெட்டிக்கு மேலே ஏறிக் குந்தினார். மாஸ்ரர் முழந்தாளில் நின்று சிப்பை இழுத்துப் பூட்டினார்.