ராமாபுரத்துக்கு ஒரு பிக்கப்பும் பதினைந்து அங்குல இடைவெளியும்

இந்தப் பயணம் போன அக்டோபரில், ஒரு சனிக்கிழமை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடுபள்ளத்தில் வண்டி ஓட்டுகிறவர்களின் பதிவுகளில், எதற்குப் போனார்கள் என்று தெரிந்துகொள்ளவே பத்துப் பத்தி படித்து அலுத்துப்போனவன் நான்.

என் அண்ணன் சேவியருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஐந்து வருடங்களுக்கு முன் விபத்து. அதுவரை ராமாபுரம் பக்கத்திலிருந்து மைசூர் சந்தைக்குத் தக்காளி ஏற்றி வரும் வண்டி ஓட்டினான். அங்கே ஒரு களத்து மேட்டில் நின்றால் மாதேஸ்வரன் மலையிலிருந்து மழை இறங்கி வருவதைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றான். அதற்காகத்தான் வண்டி, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஒரு நிபந்தனை வைத்தான். அதைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. மூன்று வருடங்களுக்கு முன் அக்கா மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு, பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போனோம். வாசலில் இரண்டே படி. நான்கு பேர் வந்து, கேட்காமலே, சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கிவிட்டார்கள். யாரோ வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட, கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். “நான் என்ன தேர்ல வர்ற அந்தோணியாரா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர எங்கும் வரவில்லை. கோயில்காரர்கள் சங்கடப்பட்டு ஒரு சரிவுப்பாதை கட்டினார்கள். அண்ணனின் சக்கரம் அதில் படவே இல்லை. ராமாபுரம் என்றதும் சொன்னான்: “எவனும் என்னைத் தூக்கக் கூடாது. நீயும்தான். தூக்குனா அதோட முடிஞ்சுது, அப்புறம் என்னைக் கூப்பிடவே கூப்பிடாதே.”

சும்மா மிரட்டுகிறவன் இல்லை. எனக்குத் தெரியும்.

இனி வண்டி. நான் மைசூரில், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். வாங்கியது பழைய இரட்டை கேபின் பிக்கப், நான்கு சக்கரமும் இழுக்கும். எந்தக் கம்பெனி என்று கேட்டு எழுதாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் எதுவும் ஆகும். சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்தினேன், பெரிய டயர் போட்டேன், அதில் இன்னும் ஒரு அங்குலம், எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு, பின்னால் கூண்டு, அதற்குள் நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. சஸ்பென்ஷனுக்கு அறுபத்தெட்டாயிரம், டயர் நான்குக்கும் ஐம்பத்திரண்டாயிரம். பின்பக்க ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாக்கு என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு டன் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு அது சரி. எனக்கு முதுகெலும்பில் தகடு வைத்த ஒரு பயணி. அதனால் ஸ்பிரிங் அடுக்கிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றிவிட்டேன். வண்டி குதிப்பதை விட்டுவிட்டு மிதக்க ஆரம்பித்தது.

வண்டி எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறும், எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கும், எல்லாவற்றையும் அளந்தேன். ஒன்றை அளக்கவில்லை. வேலையெல்லாம் முடித்து வாசலில் நிறுத்தியபோது அண்ணன் நாற்காலியில் வந்து, நிமிர்ந்து பார்த்து, “லிஃப்ட் எந்தப் பக்கம்டா?” என்றான்.

காரில் ஏற அவனிடம் ஒரு வழவழப்பான பலகை உண்டு. நாற்காலியிலிருந்து இருக்கைக்குப் பாலம் மாதிரி போட்டு, கையை ஊன்றிச் சறுக்கிப் போய்விடுவான். யார் உதவியும் வேண்டாம். இப்போது இருக்கை அவன் நாற்காலியைவிடப் பதினைந்து அங்குலம் மேலே. அந்தப் பதினைந்தில் மூன்று, என் கைவேலை.

சரி, பொறியாளன் என்ன செய்வான்? இன்னொரு இயந்திரம் வைப்பான். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சில் சின்னது ஒன்று ஒன்பதாயிரத்துக்கு வாங்கி, கூண்டின் சட்டத்தில் மடங்கும் இரும்புக் கை ஒன்று பொருத்தி, கையில் தொங்க ஒரு துணித்தொட்டில் தைத்தேன். பொத்தான் அண்ணன் கையில். அரிசி மூட்டையை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தோம், பிறகு அவனை. “மூட்டையைவிட நான் கொஞ்சம் மரியாதையா போறேன்,” என்றான். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். டி. நரசீபுரம் வழியாகக் கொள்ளேகால், அங்கே இட்லி, பிறகு ஹனூர். வீட்டிலிருந்து ராமாபுரம் சுமார் நூற்றைந்து கிலோமீட்டர். கொள்ளேகால் வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம், அதன்பின் திறந்துகொள்ளுங்கள். ஹனூர் தாண்டியதும் பாதையின் பாதியை மறித்து ஒரு சரக்கு வண்டி. பின்பக்கத்தை மண்மேட்டுக்கு ஒட்டி நிறுத்தி, ஒரு பசுவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பசு நடந்து மேட்டில் ஏறியது, அப்படியே வண்டிக்குள் நடந்தது, திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்குப் பொறுமை கிடையாது, ஹாரன் அடித்தேன்.

“பிடு, பிடு. அதுக்கு இருக்கற நிதானம் உனக்கு இல்ல,” என்றான் அண்ணன். எங்கள் வீட்டில் ‘விடு’ என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் கன்னடம் வந்துவிடும்.

ராமாபுரத்துக்கு வெளியே, தார் முடிந்து இரண்டு கிலோமீட்டர் வண்டித்தடம். செம்மண், நடுநடுவே பாறை, ஒரு ஓடை. நான்கு சக்கர இயக்கத்தை மெதுவான கியரில் போட்டுத் தவழ விட்டேன். ஒரு சக்கரம் பாறை மேல் ஏற, எதிர்ச்சக்கரம் குழியைத் தேடி இறங்க, இருக்கை மட்டும் ஏறக்குறைய அசையாமல் இருந்தது. ஸ்பிரிங்கின் கணக்கெல்லாம் காகிதத்தில் போட்டவன் நான்தான். ஆனாலும், அது அண்ணனின் முதுகுக்குக் கீழே நடப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் மூச்சு நின்றது. “தக்காளி ஒண்ணுகூட நசுங்கியிருக்காது,” என்றான் அவன். இதைவிடப் பெரிய பாராட்டு அவனிடமிருந்து வராது.

களம் மாதப்பன் என்பவருடையது. அண்ணனின் பழைய தக்காளிக்காரர். மனைவி செல்லம்மாவும் இரண்டு ஆட்களும் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதப்பன் வண்டியைச் சுற்றி வந்தார்.

“ஏனுங் சேவியரு, எமெல்லே வண்டியாட்ட இருக்குது! மேல அது என்னங்க, ஏத்தமா?”

“ஏத்தந்தான். தண்ணிக்குப் பதிலா என்னை எறைக்கும்,” என்றான் அண்ணன்.

மோட்டார் முனகியது, இரும்புக் கை சுழன்றது, அவன் தொட்டிலில் ஆடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். எல்லோரும் பார்த்தார்கள். செல்லம்மா மட்டும், “பயமா இல்லீங்களா?” என்று கேட்டார். லேசாகக் கருகல் வாடை. புது மோட்டாரின் பெயிண்டாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

களத்தின் கிழக்கு விளிம்புக்கு அவனே உருட்டிக்கொண்டு போனான். இந்த இடத்தைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் மிகை என்று நினைத்திருந்தேன். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

எதிரே மலை ஒன்றன்பின் ஒன்றாக, எண்ண எண்ணப் பின்னால் இன்னொன்று. கீழே சோளக்காடு, செண்டுமல்லித் தோட்டம், அங்கங்கே ஓட்டுக் கூரை. முதலில் கடைசி மலை காணாமல் போனது. ரப்பரால் அழித்த மாதிரி. பிறகு அதற்கு முந்தியது. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், வானத்திலிருந்து தரைவரை, நேராக, சத்தமில்லாமல் நடந்து வந்தது. அதன் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. செண்டுமல்லித் தோட்டத்தின் மேல் அதன் நிழல் ஏறியபோது மஞ்சள் அத்தனையும் ஒரே நொடியில் அணைந்தது. பிறகுதான் சத்தம் வந்தது, தொலைவில் ஏதோ பெரிய ஆலை ஓடுவதுபோல. எத்தனையோ டன் தண்ணீர், இவ்வளவு அகலத்துக்கு, ஒரே வேகத்தில். இதைச் செய்ய ஒரு இயந்திரம் வடிவமைக்கச் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன். அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நானும் படம் எடுக்க மறந்தேன், அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை.

“இன்னும் காமணி நேரத்துல இங்க வந்துருமுங்க,” என்று மாதப்பன் சோளத்தைக் குவிக்க ஓடினார். அண்ணனை வண்டிக்கருகே வரச் சொல்லி, நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன், அதுவும் போனது. கூண்டின் தகட்டில் நான் போட்ட ஓட்டை வழியாகக் கேபிள் போகிறது. அதிர்வில் விளிம்பு உரசி உறையை அறுத்திருக்கிறது. ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. பத்து ரூபாய்ச் சாமான். கேபிளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலேயும் கருகியிருந்தது. திட்டினேன், வண்டியை உதைத்தேன். முதல் துளி கையில் விழுந்தது.

மாதப்பன் பார்த்துவிட்டு வந்தார். “நாலு பேரு இருக்கோமில்லீங்க. அலேக்காத் தூக்கி வெச்சுடலாம்.” ஆட்கள் இருவரும் நாற்காலியின் பக்கம் குனிந்தேவிட்டார்கள்.

“வேண்டாங்க,” என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. ஆட்கள் நிமிர்ந்தார்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: “நனையறேன். நீ ரிப்பேர் பண்ணு.”

நனைந்தால் அவனுக்குத் தோல் புண்ணாகும். அவனுக்கு உணர்வு தெரியாத இடத்தில் புண் என்றால் மாதக்கணக்கில் படுக்கை. தூக்கினால் இந்தப் பயணம்தான் கடைசி. மழை தோட்டத்தைத் தாண்டிவிட்டது. நான் சும்மா நின்று களத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வந்த வண்டித்தடம் அங்கே பள்ளமாகப் போகிறது. களம் அதைவிட உயரம், என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். என் தலைக்குள் ஒரு பசு திரும்பிப் பார்த்தது.

ஓடிப்போய் வண்டியை எடுத்தேன். தடத்தில் பழைய சேறு. இடதுபக்கச் சக்கரங்களைக் களத்தின் சுவரை உரசுகிற மாதிரி விட வேண்டும், சறுக்கினால் கதவு போகும். மெதுவான கியரில், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக இழுக்க விட்டேன். வண்டி சாய்ந்து, புதைந்து, ஒட்டி நின்றது. இடப்பக்கக் கதவு மேட்டுக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் திறந்தது. பழைய உயரத்தில் இருந்திருந்தால் இடித்திருக்கும். அந்த மூன்று அங்குலத்தை அன்றைக்கு மன்னித்தேன்.

அண்ணனுக்கு நான் எதையும் விளக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே உருட்டி வந்தான். “மாட்டை ஏத்தற மாதிரியாடா?”

“பலகை வீட்ல இருக்கேண்ணா,” என்றேன். அப்போதுதான் உறைத்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து பலகையை உருவினான். “உன் கிரேனை நம்பி வந்தேன்னா நெனச்சே?”

நாற்காலியும் இருக்கையும் ஒரே மட்டம். பலகையைப் போட்டான், கையை ஊன்றினான், மூன்று தள்ளில் உள்ளே இருந்தான். கடைசியாகக் கால்களைத் தானே எடுத்து வைத்துக்கொண்டான். செல்லம்மா சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, “போன மாசம் எங்க எருமை இவ்வளவு சுளுவா ஏறலீங்க!” என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நிமிடம் மழை வண்டியின் மேல் விழுந்தது. மலை, களம், மாதப்பன் எல்லாம் மறைந்தன. மழையின் உள்ளே நாங்கள் இருவரும். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கிளம்பலாமா என்று நானே கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று தெரியும்.

மலை தாண்டி, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறுவரை போகவும் ஒரு திட்டம் இருந்தது, அதை விட்டுவிட்டோம். திரும்பும்போது கொள்ளேகாலில் எனக்கு உறைத்தது: வீட்டு வாசலில் மேடு ஏது? எப்படி இறக்குவது? டி. நரசீபுரம் தாண்டியது. “கோயிலுக்கு விடு,” என்றான் அண்ணன்.

ஐந்தரை மணி. அக்டோபர் ஜெபமாலை மாதம், மாலை ஜெபத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முகப்பு மேடையின் பக்கவாட்டுக்கு ஒட்டி நிறுத்தச் சொன்னான். இரண்டு படி உயரம். நான் டேப் வைத்து அளந்தேன்: பதினாலேமுக்கால் அங்குலம். நாற்காலியை முகப்பில் வைத்தேன். அவன் கதவைத் திறந்ததும் வழக்கம்போல நான்கு பேர் ஓடி வந்தார்கள். “டேய், புடிங்கடா!”

“வழி விடுங்க மாமா,” என்றான். பலகையைப் போட்டு, சறுக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சரிவுப்பாதையில் தானே உருண்டு இறங்கி, எங்கள் தெருப் பக்கம் போய்விட்டான். கட்டி மூன்று வருடம் ஆன பாதையை அவன் இறங்கித்தான் திறந்து வைத்தான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

போக நினைப்பவர்களுக்கு: போய்வர இருநூற்று இருபது கிலோமீட்டர், டீசல் சுமார் இரண்டாயிரம். ராமாபுரத்துக்கு அப்பால் நல்ல பெட்ரோல் பங்கை நம்பாதீர்கள். வயல்தடங்களில் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டுக்குள் வண்டியை இறக்காதீர்கள்; அது வனத்துறைக்கும் யானைக்கும் உரிய இடம், உங்கள் டயருக்கு அல்ல. எதை மாற்றும் முன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் கேளுங்கள், பிறகு அழாதீர்கள். தகட்டில் ஓட்டை போட்டால் ரப்பர் வளையம். அளவுநாடாவை முதலில், ஏறி உட்காரப் போகிறவரின் பக்கத்தில் வையுங்கள்.

கிரேனைச் சரிசெய்துவிட்டேன், இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. அண்ணன் அதைத் தொடுவதில்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்து, தெருவில் தென்படும் திண்டு, வரப்பு, சாக்கடைப் பலகை, பஸ் நிறுத்தத்து மேடை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வருகிறான்: “இது ஆகும். இது ஆகாது. அது ஆகும், அங்க நிறுத்து.”