காலும் வேணும், நெஞ்சும் வேணும்

காரமடைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கோகோ சொல்லிக்கொடுக்கிறேன். வாயால் சொன்னால் விளையாட்டு வராது. செய்து காட்ட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதிலும் செய்து காட்டிக்கொண்டுதான் இருந்தேன். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கிய இரண்டாவது மாதம், மைதானத்தில் குந்தியவளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டிலும் அடித்துப்போட்டது போல வலி. பிள்ளைகள் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவமானமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எல்லாம் அந்த மாத்திரையாலதான். வீசிப்போட்டுக் கொள்ளு ரசம் குடி அம்மணி" என்றார்.

டாக்டரைக் கேட்காமலே நிறுத்தினேன். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. ரசம் ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் அடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. என் அண்ணன் நாற்பத்தொன்பதில் மாரடைப்பில் போனவர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் முகம்தான் கண்ணில் நின்றது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன்.

"சொல்லாம நிறுத்திப்போட்டீங்களா?"

"ஆமாங்க, தப்புதானுங்க. ஆனா எனக்குக் காலும் வேணுமுங்க, நெஞ்சும் வேணுமுங்க. ரெண்டுல ஒண்ண விட்டுக்குடுக்க மாட்டனுங்க."

"வலி வந்தப்பவே வந்திருக்கலாமில்லீங்க? கொழுப்புக்கு இருக்கறது அந்த ஒரு மாத்திரைதானா? வேற மாத்திக் குடுத்திருப்பனே."

தசையில் பாதிப்பு உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை. அதே வகையில் வேறொன்றை எழுதிக்கொடுத்தார். ஒரு மாதம் போனதும் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது. இந்த முறை நானாக நிறுத்தவில்லை. அன்றைக்கே போன் செய்தேன். சில வாரம் இடைவெளி விட்டு மூன்றாவது மாத்திரையை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்தோம்.

"இன்னும் எத்தனைதான் மாத்துவ?" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார்.

"ஒத்துக்கற வரைக்கும் மாத்துவனுங்க."

மூன்றாவது ஒத்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கொழுப்பு இறங்கியிருந்தது, டாக்டரம்மா எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கூடவே சேர்த்துப் போட இன்னொரு சின்ன மாத்திரை எழுதினார். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரர் வண்டியை மெதுவாக ஓட்டியபடி, "எனக்கும் ஒருக்கா ரத்தம் பாத்துப்போடலாமா?" என்றார். அவர் மனம் மாறுவதற்குள், மறுநாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.