அம்மாவும் நானும் எக்ஸும் ஒய்யும்

போன வாரம் லிஃப்டில் எதிர்வீட்டுப் பையன் கேட்டான்: "ஆன்ட்டி, இந்த எக்ஸ், ஒய் எல்லாம் வாழ்க்கையில எங்கே யூஸ் ஆகும்?"

நாலாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில், விசைத்தறிகளுக்கு நடுவே எங்கள் வீடு. நான் பத்தாம் வகுப்பு. அம்மாவும் பத்தாம் வகுப்பு! அவளை ஒன்பதாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதக் கிளம்பினாள். பாஸானால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனு போடலாமே!

மற்ற பாடங்களைத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படித்துவிட்டாள். சமன்பாட்டில்தான் மாட்டிக்கொண்டாள்.

"எக்ஸும் தெரியாது, ஒய்யும் தெரியாது. தெரியாத ஒண்ண வச்சு தெரியாத இன்னொண்ண எப்படிட்டி கண்டுபிடிக்க?"

"ரெண்டையும் கூட்டினா ஏழுன்னு சொல்லிருக்காம்லா? அப்போ ஒய்னா ஏழு மைனஸ் எக்ஸ். அடுத்த சமன்பாட்டுல ஒய் இருக்க இடத்துல அதைத் தூக்கி வையிம்மா. எக்ஸ் மட்டும்தான் மிஞ்சும்."

வைத்துப் பார்த்தாள். எக்ஸ் வந்தது. அதை வைத்து ஒய்யும் வந்தது. "அட, இவ்வளவுதானா!" அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

ரிசல்ட் அன்று அப்பா பேப்பர் வாங்கி வந்தார். அம்மாவின் நம்பர் இருந்தது. என் நம்பர்… இல்லை. கணக்கில் கோட்டை விட்டிருந்தேன்.

பாஸான அம்மாதான் என்னைவிட அதிகம் அழுதாள்.

"பொட்டப்பிள்ள படிச்சது போதும். மாப்பிள்ளை பாத்துருவோம்" என்றார் அப்பா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னையும் இப்படிச் சொல்லித்தான் நிப்பாட்டுனாங்க. இவ திரும்ப எழுதுவா. நான் சொல்லிக் குடுக்கேன்."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே வகுப்பு ஆரம்பம். நான் போட்ட முதல் கணக்கிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அடைப்புக்குறிக்கு முன்னால மைனஸ் இருந்தா உள்ள எல்லாத்துக்கும் குறி மாறும்லா? நீதானட்டி எனக்குச் சொல்லித் தந்தே!"

உண்மைதான். வாய் சொல்லிக்கொடுத்தது கைக்கு எட்டவில்லை. நம்மில் பலருக்கு அப்படித்தானே?

அடுத்த தடவை பாஸானேன். நான் பிளஸ் ஒன்னுக்குப் போனேன். அம்மா, குருவிகுளம் பக்கத்துப் பால்வாடிக்கு பஸ் ஏறினாள்.

கணக்கில் அம்மாவைவிட எனக்கு நாலு மார்க் கூட. பெருமையாகச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் சொல்வாள்:

"இருக்காதா பின்னே? எனக்கு வாய்ச்ச டீச்சர் அப்படி… உனக்கு வாய்ச்ச டீச்சர் இப்படி!"