இங்கிலீஷில் சொன்னால் வந்துவிடுவார்கள்

காலை ஒன்பது மணிக்குத் தேனியில் பஸ் ஏறினேன். உத்தமபாளையம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ராயப்பன்பட்டிக்கு ஆட்டோவில் இருநூறு ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசவில்லை. இருபுறமும் தென்னையும் திராட்சைப் பந்தலும், மேற்கே மலையும் கூடவே வரும் அந்தச் சாலைக்கு இன்னும் ஐம்பது சேர்த்தே கொடுக்கலாம்.

என்னை அழைத்தவர் ஜெசிந்தா அக்கா, அலுவலக நண்பரின் மூத்த சகோதரி. ஒரு ஏக்கரில் பன்னீர்த் திராட்சை போட்டிருக்கிறார். மறுநாள் காலை பழம் வெட்டுவதாக இருந்தது; அதை வேடிக்கை பார்க்க ஒரு நாள் முன்னாடியே போயிருந்தேன். பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்தால், அடடா, தலைக்கு மேலே முழுக்கக் கருநீலக் கொத்துகள்!

"போன தடவ மழையில அம்புட்டுப் பழமும் வெடிச்சுப் போச்சு தம்பி. இதுவும் போச்சுன்னா பந்தலப் பிரிச்சுப்புட்டு, கொடியப் புடுங்கிர வேண்டியதுதான்" என்றார் அக்கா. அதைக் கொடிகளைப் பார்க்காமல் சொன்னார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்கு மலை கறுத்துவிட்டது. "நாளைக்குன்னு இருந்தா அவ்வளவுதான். இன்னைக்கே வெட்டிரணும்" என்று அக்கா போனை எடுத்தார். முதலில் பழம் வாங்கும் வியாபாரியின் வண்டி ஓட்டுநர். ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"ஏலே, தமிழ்ல சொல்லாத! இங்கிலீஷ்ல சொல்லு!"

எதிர்முனையில் கொஞ்சம் யோசனை. "ஒன் அவர்க்கா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.

அது என்ன கணக்கு என்று கேட்டேன். "தமிழ்ல சொன்னா சொந்தக்காரன் சொல்ற மாதிரி தம்பி, முன்னப்பின்ன இருக்கும். கோவிக்க முடியாது. இங்கிலீஷ்ல சொன்னா லோடு ஏத்துற நேரம், பெசகாது. இங்கன யாரும் அத வெளையாட்டுக்குச் சொல்ல மாட்டாக" என்றார். அடுத்து, பழம் வெட்டும் பெண்களின் தலைவி பாண்டியம்மாவை அழைத்தார். பதில் இரண்டே சொற்கள்: "டென் மினிட்ஸ்."

நான் நம்பவில்லை. எங்கள் சென்னையில் 'ஆன் தி வே' என்றால் ஆள் இன்னும் குளிக்கத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். 'ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்' சொல்லி என்னை வெயிலில் காயப்போட்டவர்கள் கொஞ்சநஞ்சமா?

பத்து நிமிடத்தில் பாண்டியம்மா தன் ஆட்களோடு வந்து நின்றார். சாப்பிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். "சோத்தப் பாதில வச்சுட்டு வாரோம்த்தா, கூடைய எடு!"

கத்தரிக்கோல்கள் சடசடவென்று ஓடின. கொத்து கீழே விழாமல் உள்ளங்கையில் வந்து உட்காரும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் என் தலையிலும் ஒரு கூடையை ஏற்றிவிட்டார்கள். "முடிஞ்சிருமா, முடிஞ்சிருமா" என்று அக்கா சுற்றிச் சுற்றி வந்தார். "பிஃபோர் ஃபோர்" என்றார் பாண்டியம்மா, நிமிராமலே. வண்டியும் சொன்ன நேரத்துக்கு வந்தது. எனக்கு அவர்களைக் கும்பிடலாம் போல இருந்தது.

நான்கு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது கடைசிக் கூடை ஏறியது. தார்ப்பாய் கட்டி வண்டி ரோட்டைத் தொட்டதும் மழை கொட்டியது. நாங்களெல்லாம் மோட்டார் அறைக்கு ஓடினோம். அக்கா மட்டும் பழமில்லாத பந்தலுக்கு அடியில் நனைந்துகொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

"ஏத்தா, கொடியப் புடுங்க எப்ப ஆளு வேணும்?" என்று, அக்காவின் புலம்பலை ஏற்கெனவே கேட்டிருந்த பாண்டியம்மா அறை வாசலிலிருந்து சீண்டினார்.

"புடுங்கவா? போடி இவளே!" என்று ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டார் அக்கா. "அடுத்த காய்ப்புக்குக் கெளையக் கழிச்சுக் கவாத்து வெட்ட வா. நெக்ஸ்ட் மந்த், ஃபர்ஸ்ட் வீக்."