கேமரா எதற்கு என்று நினைத்தேன்

நவம்பர் 25, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழே முக்காலுக்கு, வெம்பக்கோட்டைப் பக்கம் நான் மேலாளராக இருந்த பட்டாசு ஆலையின் வாசலில் நின்றேன். வழக்கம்போல் தொழிலாளர்களின் செல்போன்களை வாங்கி, எண் போட்ட பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உள்ளே போன் கூடாது. என்னுடையது மட்டும் வாசல் அறை மேசையில் இருக்கும்.

அது யாரும் திறந்து சரிபார்க்கக்கூடிய திறமூல மென்பொருளில் ஓடும் போன். இரண்டு வாரம் படித்துப் பார்த்து வாங்கியது. எந்தக் கம்பெனியும் உளவு பார்க்காது, பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். கேமரா சுமார், நிறம் சரியாக விழாது என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். போனை உள்ளேயே கொண்டுபோகாதவனுக்குக் கேமரா எதற்கு என்று அதைத் தள்ளிவிட்டேன்.

பதினொன்று இருபதுக்கு மருந்து கலக்கும் அறை வெடித்தது. கூரை பறந்து வேலியில் விழுந்தது. இரண்டு பெண்களைத் தூக்கி வந்தோம். முகம் அடையாளம் தெரியாமல் கருகியிருந்தது. தோல் எங்கள் கைகளில் ஒட்டிக்கொண்டு வந்தது. இருவருக்கும் நினைவில்லை. யார் யாரென்று தெரியவில்லை. ஒருத்தியைச் சிவகாசிக்கும் இன்னொருத்தியை மதுரைக்கும் அனுப்பினோம். சிவகாசிக்குப் போனவளின் உடையெல்லாம் கரி. மதுரைக்குப் போனவளிடம் ஒரு சாண் சேலை மிஞ்சியிருந்தது. வீட்டார் அடையாளம் காணட்டும் என்று வண்டி கிளம்புமுன் அதைப் படம் எடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்த இருவரில் ஒருத்தியின் கணவர் ஓடி வந்தார். படத்தைக் காட்டினேன்.

“இது நீலம். அவ கத்தரிப்பூ கலருல்லா கட்டிட்டு வந்தா, அண்ணாச்சி.”

அப்படியானால் சிவகாசிக்குப் போனவள்தான், உயிர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று சிவகாசிக்குப் பைக்கை முடுக்கினார். நேரில் பார்த்திருந்தும் அந்தத் துணியின் நிறம் எனக்கு நினைவில் இல்லை. நானும் படத்தையே நம்பினேன்.

சிவகாசியில் கிடந்தது மற்றவள். அங்கிருந்து அவர் மதுரை போய்ச் சேர்ந்தபோது மனைவி இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இடையில் நினைவு வந்து, சாகும்வரை, அவுக வந்துட்டாகளா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

சாயங்காலம் ஆலைக்குத் திரும்பி வந்தவர் ஹெல்மெட்டால் என் வாயில் அடித்தார். முன்பல் இரண்டு போயின. விழுந்த என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தார்.

“கலர் தெரியாத போனை எதுக்குலே வச்சிருக்க? எம்புட்டு நேரம் என்னையத் தேடிக்கிட்டுக் கெடந்தா தெரியுமாலே?”

நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிரித்தார்கள். நான் கையை ஓங்கவில்லை. புகாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, என் மனைவியின் கத்தரிப்பூ நிறச் சேலையை மொட்டைமாடிக் கொடியில் போட்டு, நல்ல வெயிலில் படம் எடுத்தேன். நீலமாகத்தான் வந்தது.