தோளைப் பார்த்துத் தூக்கிய விரல்

ஜஹீரா வேலைக்குச் சேர்ந்தபோது, தாம்பரத்தை அடுத்த அந்த மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைத் துறை என்பது எலும்பு முறிவு வார்டின் கோடியில் இருந்த இரண்டு அறைகள். ஒன்றில் பேராசிரியர் ஞானஜோதி நோயாளிகளைப் பார்ப்பார். இன்னொன்றில் ஜஹீரா காது கேட்கும் திறனைச் சோதிப்பார். தலைக்கு மேல் விமானம் போனால் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஹெட்போன் மாட்டிய நோயாளியும் அவரோடு சேர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது துறைக்குத் தனி மாடி. மேற்படிப்பு மாணவர்கள் வந்துவிட்டார்கள், காது எலும்பில் அறுவை பழகக் கூடம் இருக்கிறது, பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு உள்காதில் கருவி பொருத்துகிறார்கள். ஒலி புகாத சோதனை அறையும் வந்தது. அதன் கண்ணாடி சன்னலைப் பெரிதாக வைக்கச் சொன்னவர் ஜஹீராதான். அடைத்த பெட்டிக்குள் தனியாக உட்கார வைத்தால் குழந்தைகள் மிரளும், வெளியே அம்மா முகம் தெரியட்டும் என்றார்.

"வர்றவங்களை மட்டும் பார்த்தா போதாதும்மா. காது போறதே தெரியாம வேலை பார்க்கறாங்களே, அவங்களைக் கூட்டிட்டு வரணும்" என்றார் ஞானஜோதி. கல்லூரி வேன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனது. தகரத்தை அடித்து உருவாக்கும் பிரஸ் பட்டறை ஒன்றிலிருந்து முதல் குழு வந்தது. கூட்டிவந்தவர் அங்கே வேலை பார்க்கும் சௌகத் அலி, ஜஹீராவின் கணவர். அவரே முதலில் போய் உட்கார்ந்தார். பீப் ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஒன்றுகூடத் தவறாமல் தூக்கினார். அடுத்து வந்தவர்களும் அப்படியே.

"அந்தச் சத்தத்துல வருஷக்கணக்கா நிக்கறாங்க, எல்லாருக்கும் நார்மலா?" ஞானஜோதிக்கு நம்பிக்கையில்லை. கருவியைச் சரிபார்த்தார்கள், பழுதில்லை. மேற்படிப்பு மாணவர் ஜேசன் இதைக் கட்டுரையாக்கத் தொடங்கிவிட்டார். ஜஹீரா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அந்த வரிசையில் தன் கணவரும் இருந்ததால் நம்பவே விரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பம்மல் வீட்டின் கூடத்தில் மகள் ஃபாயிசா ஆன்லைன் வகுப்பில் இருந்தாள். சௌகத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஜஹீரா பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டார். திரும்பவில்லை. முதல் குரலுக்கு எந்தப் புருஷன் திரும்புகிறான் என்று இத்தனை நாள் விட்டுவிட்டதுதான். முன்னால் போய், மகளுக்குத் தொந்தரவாகக் கூடாதென்று, வாயை மட்டும் அசைத்தார்: டீ வேணுமா?

"சக்கரை கம்மியா" என்றார் சௌகத்.

ஜஹீரா அடுப்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். இந்த முறையும் குரலே எழுப்பவில்லை. உதடு மட்டும்: மாடி வீட்டு பிளஸ்ஸி டீச்சர் ஸ்கூட்டி வாங்கியிருக்காங்க.

"இன்னா கலரு?"

கேட்ட பிறகுதான் மனைவியின் முகத்தைக் கவனித்தார். வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"நான் பேசவே இல்லைங்க" என்றார் ஜஹீரா.

"தெரியுது."

"அன்னிக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல. நீ பட்டனை அமுக்கறப்ப உன் தோள் லேசா ஏறுது. அத்தாம்பெரிய கண்ணாடில நல்லா தெரியுதே."

"மத்தவங்க?"

சௌகத் மகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வெளிய வந்து நான்தான் சொன்னேன். மேடம் தோளைப் பாரு மச்சான், விரலைத் தூக்கிகினே இருன்னு."

"ஏங்க இப்படி?"

"காது போச்சுன்னு எழுதிக் குடுத்தா பிரஸ்ல விடுவானா? பேக்கிங்ல போடுவான். அட்டைப்பெட்டி ஒட்டிகினு குந்தியிருக்க நம்மால ஆவாது."

"இப்படியே விட்டா மிச்சம் இருக்கறதும் போயிடும். ஃபாயிசா பேசறது கேக்குதா?"

"மொகத்தைப் பார்த்தா கேக்கும்."

"திரும்பிக்கிட்டான்னா?"

சௌகத் மறுபடி வெங்காயத்தை எடுத்தார்.

மறுநாள் ஜஹீரா சொன்னதும் ஞானஜோதி முதலில் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "பிரஸ் முன்னாடி நிக்கறவன் வாயையும் கையையும் பார்த்துதானே பேசறான். அவனைக் கண்ணாடி முன்னாடி உட்கார வச்சது நம்ம தப்பு. வேலையைப் பிடுங்க வந்திருக்கோம்னு நெனைக்க விட்டதும் நம்ம தப்பு. ரிசல்ட் அவங்கவங்க கையில மட்டும் குடுப்போம். கம்பெனிக்கு ஒரு பேரும் போகாது. எல்லாருக்கும் காதடைப்பான் குடுங்கன்னு மட்டும் நான் போய்ப் பேசறேன். ஜேசன், கட்டுரையை மூடி வைப்பா."

"சன்னல் என் யோசனை சார்" என்றார் ஜஹீரா.

"சன்னல் இருக்கட்டும். குழந்தைங்களுக்கு வேணும். பெரியவங்களுக்கு நாற்காலியைத் திருப்பிப் போடு."

வேன் மறுபடி வந்தது. பேராசிரியர் சொன்னதை ஜஹீரா எல்லோருக்கும் சொன்னார். நம்பியும் நம்பாமலும் அவர்கள் சௌகத்தைப் பார்த்தார்கள். சௌகத் சுவரைப் பார்த்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"பொண்டாட்டிக்கு முதுகைக் காட்டிகினு உக்காரணுமா?"

"வீட்டுல செய்யறதுதானே? உட்காருங்க."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். கதவு மூடியது.

ஜஹீரா பொத்தானை அழுத்தினார். விரல் எழவில்லை. ஒலியைக் கூட்டினார். எழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அந்த முதுகு மட்டும் விறைப்பாக இருந்தது. ஒருமுறை தலை பக்கவாட்டில் திரும்பப் பார்த்து, பாதியில் நின்று, மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது. இன்னும் கூட்டினார். இன்னும். அப்புறம் விரல் எழுந்தது, தயங்கித் தயங்கி.

மெல்லிய உயர்ந்த ஒலிகள் இரண்டு காதிலும் போயிருந்தன. தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே மிச்சமிருந்தன. இனி அவற்றையாவது காத்துக்கொள்ளலாம். ஜஹீரா தாளை மடித்துக் கணவர் கையில் கொடுத்தார். அவர் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"இன்னாப்பா, தோள் தெரியுதா?" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

சௌகத் அவர் உதட்டைப் பார்த்தார். "செவுருதான் தெரியுது. கேட்டா தூக்கு, கேக்கலன்னா சும்மா இரு" என்று சொல்லி, அடுத்தவருக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.