மணக்கும் ஊரில் மூன்று நாள்

வெள்ளி, காலை 5.50. மேட்டூர் பேருந்து நிலையம்.

மூன்று நாள் விடுப்புக்குக் கிராமமா, நகரமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் பதினோரு நாள் நடந்து, நேற்றுத்தான் தீர்ப்பானது. நான் தோற்றேன். மாதேஸ்வரன் மலைக்கு அப்பால் கௌதள்ளியில் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்து அறை சும்மா கிடக்கிறது. கயிற்றுக்கட்டில், வேப்பநிழல், யாரும் எதுவும் கேட்காத பகல் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தேன். என் மனைவி வசந்தி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். “மரமும் ஆறும் பாக்க மேட்டூர விட்டு எதுக்குப் போவோணும்? எனக்கு மைசூர் வேணும்.”

வசந்தி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். நடுவில் வரும் ஞாயிறு போகச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு அவளுக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. நானோ இருக்கும் இடத்தில் இருக்கத் தெரியாதவன். கொடைக்கானலில் இரண்டாம் நாளே இராமேஸ்வரம் போகலாமா என்று கேட்டு, பாதி விடுமுறையைப் பேருந்திலேயே கழிக்க வைத்தவன். ஆகவே தீர்ப்போடு ஒரு நிபந்தனையும் வந்தது. “திங்கக்கெழம வரைக்கும் ‘வேற எங்கயாச்சும் போலாமா’ன்னு உங்க வாயில வரக்கூடாது. வந்துச்சு, அடுத்த தடவ நான் என் தங்கச்சியோட போயிக்கறேன்.” விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு கடைசிச் சொல்லில் விளையாட்டாக இல்லை. அந்த மூன்று நாளைக் கெடுக்காமல் அவள் கையில் கொடுக்க வேண்டும். பையில் வைத்த துணிகளைவிட அந்தக் கவலைதான் கனத்தது.

காலை 9.15. மாதேஸ்வரன் மலை.

இங்கே கர்நாடகப் பேருந்துக்கு மாறினோம். மைசூருக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். நடத்துநர் வந்து “எல்லிகே?” என்றார். எங்கே போகிறோம் என்று தெரிந்தும் என் நாக்கு “கௌத…” என்று தொடங்கிவிட்டது. தொடையில் ஒரு கிள்ளு. “மைசூர், எரடு” என்று இரண்டு சீட்டுக் கேட்டாள் வசந்தி. ஆளுக்கு நூற்றெண்பத்தைந்து ரூபாய்.

மலை இறங்கும் வழியெல்லாம் மூங்கில், காய்ந்த புல், சாலையில் புதுசாய்க் கிடக்கும் யானைச் சாணம், வளைவுக்கு வளைவு முகத்தில் அறையும் காட்டுக்காற்று. இறங்கு இறங்கு என்று அழைப்பதுபோல் இருந்தது. இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காலை 10.20. கௌதள்ளி.

நான் இறங்க ஆசைப்பட்ட ஊரில் இரண்டு பேர் ஏறினார்கள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர், பெயர் மாதையன். அவர் மனைவி சரோஜா, எங்கள் முன் இருக்கையில் உட்கார்ந்ததும் ஆதார் அட்டையைக் காட்டிப் பூஜ்ய ரூபாய் சீட்டு வாங்கினார். கர்நாடகப் பெண்களுக்கு இந்தப் பேருந்தில் கட்டணம் கிடையாது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வசந்தியிடம் காட்டினார். எல்லையோர ஊர், அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான்.

“எனக்கு ஓசிங்கக்கா. காசு இவருக்குத்தான். அதான் மூஞ்சிய இப்புடி வெச்சிருக்காரு.”

“நான் மலைக்கு அந்தப்பக்கம் பொறந்தது தப்பாப் போச்சு” என்றாள் வசந்தி. அதற்குள் அவர்கள் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

மாதையனுக்கு மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. கூடு விற்று முடித்து, புழு வளர்க்கும் வீட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்கள். திங்கள் காலை புதுக் குஞ்சுப்புழு வருகிறது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இந்தச் சில நாட்கள்தான் அவர்களுடைய விடுமுறை.

“எங்களுக்கு லீவு விடறது புழுதானுங்க” என்றார் மாதையன்.

“மைசூர்ல என்ன பாக்கப் போறீங்க?” என்று கேட்டாள் வசந்தி.

“பாக்கறதென்னங்கக்கா, மோந்து பாக்கத்தான் போறேன்” என்றார் சரோஜா. “வூட்ல புழு இருக்கையில பூ வெக்கமாட்டோம், பவுடர் போடமாட்டோம், ஊதுபத்தி கொளுத்தமாட்டோம். வாசம்னா அதுக்கு ஆவாது, எலையத் தொடாது.”

“அப்ப சாமிக்கு?”

“சாமி பொறுத்துக்குமுங்க. புழு பொறுக்காது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அனூர், கொள்ளேகாலம் என்று ஊர்கள் பின்னால் போயின. எந்த ஊரிலும் இறங்கத் தோன்றவில்லை என்பதைக் கொள்ளேகாலம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

மதியம் 2.00. மைசூர், அக்ரஹாரம்.

சரோஜாவின் அண்ணன் ஊரின் ஓரத்தில் கட்டட வேலை செய்பவர். அவர் வீட்டுக்கு அவர்கள் போனார்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தேவராஜா மார்க்கெட் வாசல் என்று பெண்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். எங்கள் விடுதி அக்ரஹாரத்தில், நாளுக்கு ஆயிரத்து இருநூறு. ஜன்னலைத் திறந்தால் ஸ்கூட்டர்கள், கோயில் மணி, யாரோ யாரையோ மாடியிலிருந்து கூப்பிடும் கன்னடம். இரைச்சல் என்று முணுமுணுத்தேன். வசந்தி காதில் வாங்காமல் கட்டிலில் குறுக்காகப் படுத்து, “இன்னைக்கி யாரும் மாத்திர கேக்கமாட்டாங்க” என்று சொல்லித் தூங்கிப்போனாள்.

மாலையில் நடந்தோம். பழைய தெருக்களில் கடைகள் ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். ஒன்றில் விபூதி, அடுத்ததில் வளையல், அடுத்ததில் கைபேசிக்கு உறை. மூலையில் நின்றபடி குடித்த காபி இருபது ரூபாய். மூன்றாம் மிடறில் எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு இளகியது. வசந்தியிடம் சொல்லவில்லை. தோற்ற வழக்கில் இவ்வளவு சீக்கிரம் சமாதானமாவது கௌரவக் குறைச்சல்.

சனி, காலை 10.00. தேவராஜா மார்க்கெட்.

உள்ளே காலை வைத்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. குங்குமமும் மஞ்சளும் கூம்பு கூம்பாய். முழம் போட ஆளில்லாமல் மலைபோல் மல்லிகை. செவ்வந்தி மூட்டைகளின் ஈரப் பச்சை. தோல் கருத்துக் கனிந்த நஞ்சன்கூடு வாழை. இதற்கெல்லாம் மேலே, எங்கிருந்தென்று சொல்ல முடியாமல், சந்தனம். நான் தோட்டம் வேண்டுமென்று பதினோரு நாள் அழுதேன். இருபது தோட்டங்கள் இங்கே எனக்கு முன்னால் வந்து குவிந்து கிடந்தன.

சரோஜா தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டார். அத்தர்க் கடைக்காரர் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவினார். மல்லி, ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர். புறங்கை தீர்ந்து மணிக்கட்டு, மணிக்கட்டு தீர்ந்து முழங்கை.

“ஏனுங்க, கை தீந்துபோச்சு. உங்க கையக் குடுங்க.”

மாதையன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ்காரர் போல் நின்றார். “பண்ணு, பண்ணு. திங்கக்கெழமைக்குள்ள தோல உரிச்சுக் காயப் போடறேன்.” கடைக்காரரே சிரித்துவிட்டார்.

ஊதுபத்தி உருட்டும் பெண்ணிடம் உதிரியாக அரைக் கிலோ வாங்கினார் சரோஜா. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் கட்டுக் கட்டாய்க் கொளுத்தி, நடுவில் உட்காரப் போகிறாராம். பக்கத்துத் தெருவில் மாதையன் தம் வேலையை முடித்தார்: நைலான் வலை, இருபது. புழுப் படுக்கைமேல் வலையை விரித்து மேலே புதுத் தழை போட்டால், புழுவெல்லாம் வலைக்கு மேலேறி வந்துவிடும். வலையோடு தூக்கிக் கழிவை அள்ளலாம். திங்கட்கிழமை வரும் புழுவுக்கு இந்த வலை கட்டாயம் வேண்டும்.

பைகள் என் கையில் இருந்தன. எனக்குக் கை வீசி நடக்க வேண்டும். அதனால் ஒரு பையில் இருந்ததை மற்ற பையில் திணித்து, ஐந்தை இரண்டாக்கினேன். சாயங்காலம் பிரியும்போது அவர்கள் பையை அப்படியே கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு, காலை 7.40. விடுதி.

கதவைத் திறந்தால் சரோஜா. முழங்கை மடியாமல் பையை நீட்டிப் பிடித்திருந்தார். பின்னால் மாதையன். பையிலிருந்து அறை முழுக்கச் சந்தன ஊதுபத்தி வாசம் பரவியது.

“அண்ணா, வலையோட இதப் போட்டு வெச்சது யாருங்க?”

நான் பைக்குள் எட்டிப் பார்த்தேன்.

“இவருதான்” என்றாள் வசந்தி. “வேற யாரு? பையக் கொறச்சு நாட்டக் காப்பாத்துனவரு.”

இரவெல்லாம் ஊதுபத்தியோடு கட்டுண்டு கிடந்த வலை. இப்படியே விரித்தால் புழு தழைக்கு வராது. “கடை இன்னைக்கி லீவுங்க சார்” என்றார் மாதையன். குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது. அண்ணன் வீட்டில் அன்று தண்ணீர் வராத நாள். விடுதிக் குழாயடியில் துவைக்கலாமென்றால், படுக்கை விரிப்பெல்லாம் சோப்புத் தூள் மணக்கத் தொங்கியது.

ஆற்றுக்குப் போகலாம் என்பது எல்லார் மனசிலும் ஓடியிருக்கும். பதினாறு கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம், காவிரி, வெயில் காயும் பாறைகள். ஆனால் அது நான் சொல்லக் கூடாத வாக்கியம். ஞாயிறு முழுக்க வசந்தி திட்டம் போட்டு வைத்திருந்தாள்: அரண்மனை, புடவைக் கடை, மதியச் சாப்பாடு, ஏழு மணிக்கு அரண்மனை விளக்கு. நான் கெடுத்த நாளை நானே இன்னும் கெடுப்பதா? வாயை மூடிக்கொண்டேன். மூவரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில், “இங்கயே ஏதாச்சும் பண்ண முடியாதா?” என்றேன்.

வசந்தி என்னை ஒருமாதிரி பார்த்தாள். “புடவைக் கடை எங்கயும் போகாது. சரோஜா, பைய எடு. ஆத்துக்குப் போலாம்.”

காலை 9.30. ஸ்ரீரங்கப்பட்டணம்.

பேருந்துக் கட்டணம் முப்பது ரூபாய்; சரோஜாவுக்கு வழக்கம்போல் ஓசி. பெருவழிச் சாலையில் வண்டிகள் சீறுகின்றன. இருநூறு அடி தள்ளிப் படித்துறையில் நீர் தன்பாட்டில் போகிறது. சோப்பு இல்லை, தூள் இல்லை. வலையை நீரில் போட்டு அலசு, பிழி, பாறையில் அடி, மறுபடி அலசு. இருபது வலை, நாலு பேர். வசந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் நீரில் நின்றாள். வலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை சரோஜாவிடம். இருவரும் உதறியபோது எழுந்த சாரலில் ஒரு கணம் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

“உன் நாள வீணாக்கிட்டேன்” என்றேன்.

“யாரு சொன்னா?” வலையை என் முகத்துக்கு நேரே உதறினாள். “இந்த வாசம் நாம போறதுக்கு முந்தியே மேட்டூர் அணைக்குப் போயிரும் பாருங்க.”

வெயிலில் வலைகள் காய்ந்தன. வாசம் போனதா என்று யார் சொல்வது? எங்கள் மூக்கெல்லாம் இரண்டு நாளாய் மைசூரில் ஊறியவை. மாதையன் ஒரு வலையைக் கொண்டுபோய் இளநீர் விற்கும் அம்மாளிடம் நீட்டி, ஏதாவது மணக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். அந்த அம்மாள் நன்றாக முகர்ந்துவிட்டு எங்கள் நால்வரையும் இரக்கத்தோடு பார்த்தார். “மீன் வாசனையே இல்லையே. ஒண்ணுகூட மாட்டலையா?” என்று அவர் சொன்னதை மாதையன் மொழிபெயர்த்தபோது படித்துறையே சிரித்தது. நாலு இளநீர் குடித்தோம்.

பிறகு சரோஜா தலையிலிருந்த மல்லிகையை எடுத்து வசந்தியின் கொண்டையில் வைத்தார். ஊதுபத்திப் பொட்டலத்தையும் அவள் பையில் போட்டார். ஆற்றில் இறங்கி மூன்று முறை முழுகி எழுந்தார். அத்தரும் சந்தனமும் போயிற்று. “ரெண்டு நாள் போதுங்கக்கா. நெஞ்சு நெறைய இழுத்து வெச்சிருக்கேன்.”

மதியம் 3.10. மைசூர் பேருந்து நிலையம்.

கௌதள்ளி வண்டி புறப்பட இருந்தது. மாதையன் படியில் நின்று, “சார், எங்களோட வாங்களேன். தோட்டத்துல ராத்தங்கிட்டு நாளைக்கி அப்படியே மேட்டூர் போயிருங்க” என்றார்.

என் கால் படியை நோக்கி அரை அடி நகர்ந்தது உண்மை. வசந்தி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரோஜாதான் கத்தினார். “ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? அக்கா தலையப் பாருங்க, பையப் பாருங்க. இந்த அண்ணன் சட்டையெல்லாம் சந்தனம். நாளைக்கிப் புழு வருது! இவிக ரெண்டு பேரும் எங்க ஊரு எல்லைக்குள்ளயே கால வெக்கப்படாது. கூடு கட்டி வித்து முடிச்சப்பொறவு வரட்டும், கறி ஆக்கிப் போடறேன்.”

ஆசைப்பட்ட கிராமம் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியது. வண்டி கிளம்பியது. வசந்தி சிரித்த சிரிப்பில் வெற்றிலைக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாலை 7.00.

அரண்மனையில் ஒரே நொடியில் அத்தனை விளக்கும் எரிந்தது. கூட்டம் ஓ என்றது. வசந்தி மட்டும் சத்தம் போடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேட்டூரில் இந்நேரம் அணைப் பூங்கா மூடி, தெரு அடங்கி, நாய்கள் ரோட்டுக்கு வந்திருக்கும். அந்த அமைதியை விட்டு ஓடத்தான் நான் ஒவ்வொரு முறையும் இன்னொரு அமைதியைத் தேடுகிறேன் போலும். இங்கே ஆயிரம் பேர் நடுவில் நின்றுகொண்டு, அடுத்து எங்கே என்று ஒருமுறைகூட நான் நினைக்கவில்லை.

திரும்பி நடக்கையில் வசந்தி கேட்டாள். “நாளைக்கி எட்டு மணி பஸ்சா, பன்னண்டரை பஸ்சா?”

“பன்னண்டரை” என்றேன்.

நின்றுவிட்டாள். தெருவிளக்கின் கீழ் புறங்கையை என் நெற்றியில் வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.